சிங்கராயர் வீட்டுக்குப் போகும் வழி

ராயப்பன்குளத்துப் புனித ராயப்பர் கோயிலின் பங்கு நிர்வாகியாகச் சாவிக்கொத்தை வாங்கிய பத்தாம் நாள், ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசை முடிந்து, அலுவலகத்தைப் பூட்டி, வீட்டில் செபஸ்தியம்மாள் வைத்திருக்கும் கறிக்குழம்பை நினைத்துக்கொண்டே மேற்குத் தெருவில் இறங்கி நடந்த சிங்கராயருக்கு, பால் சொசைட்டி முக்கு வந்ததும் கால் நின்றுபோனது. வலிக்கவில்லை, மரத்துப்போகவில்லை, யாரும் பிடித்து இழுக்கவுமில்லை. நின்றது, அவ்வளவுதான். முக்கிலிருந்து இடது கைப்பக்கம் திரும்பினால் நடந்தது. நடுத்தெரு வழியாகச் சுற்றிக் கோயில் வாசலிலேயே கொண்டுபோய் விட்டது. தெற்கே சந்தியாகப்பர் தெருவுக்குள் வைக்கலாம் என்று தூக்கினால், தூக்கிய இடத்திலேயே இறங்கியது. சந்தியாகப்பர் தெரு மொத்தமே எட்டி வைத்தால் முந்நூறு எட்டுத்தான். அதைத் தாண்டினால் பஸ் ஸ்டாண்டு ரோடு. ரோட்டு மேலேயே அவருடைய இரும்புக்கடை, கடைக்கு மேல் மாடியில் அவருடைய வீடு, வீட்டில் ஆறிக்கொண்டிருக்கும் குழம்பு.

ஆட்டோக்கார ஜெயசீலன் அந்த வழியாக வந்தவன், "ஏறுங்கண்ணே, வெறும் வயித்துல பூசை பாத்தா அப்படித்தான் கால் தள்ளாடும்" என்று ஏற்றிக்கொண்டு போனான். கடை வாசலில் நிறுத்தித் திரும்பிப் பார்த்தால், பின் சீட்டுக்குக் கீழே சிங்கராயரின் செருப்பு இரண்டும் ஜோடியாக இருந்தது, சிங்கராயர் இல்லை. அவர் அங்கே முக்கில், வெறுங்காலோடு, ரோட்டில் உட்கார்ந்த வாக்கிலிருந்து எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டிருந்தார். மாடியிலிருந்து இறங்கி வந்த செபஸ்தியம்மாள் செருப்பைப் பார்த்தாள். "செருப்புக்கு வீட்டு வழி தெரியுது, ஆளுக்குத் தெரியலையாக்கும்" என்றாள். குழம்பைத் தூக்குவாளியில் ஊற்றி, செருப்பையும் எடுத்துக்கொண்டு, அதே ஆட்டோவில் ஏறி முக்குக்கு வந்தாள்.

அந்த ஒரு வாரம் முழுக்க ஊரே கூடி நின்று அவரை நடக்கவிட்டுப் பார்த்தது. வடக்கே கல்லறை ரோட்டில் பத்து எட்டுகூடப் போக முடியவில்லை. கிழக்கே வாய்க்கால் கரையில் நின்றார். மேற்கே வயல் வரப்பில் நின்றார். ஆறாம் நாள், பங்குப் பேரவையின் உபதலைவரும் தேர் வடம் பிடிப்பதில் முதல் கை உரிமை உள்ளவருமான அந்திரையாஸ், சுண்ணாம்பு தடவிய விரலைத் துடைத்துக்கொண்டு, "இதுல என்னடா புதிர் இருக்கு? தேர் போற வழியில போறான், தேர் போகாத வழியில நிக்கிறான்" என்றார். எல்லோரும் ஒரு நிமிஷம் யோசித்து, வடக்குத் தெரு, மேற்குத் தெரு, நடுத்தெரு என்று விரல்விட்டு எண்ணி, ஆமாம் என்று தலையாட்டிவிட்டு, அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள். காரணம் தெரிந்துவிட்டால் ராயப்பன்குளத்துக்காரர்களுக்கு எதுவும் அதிசயமில்லை.

சிங்கராயர் பிறவியிலேயே கோயில் ஆள் இல்லை. சைக்கிள் கேரியரில் ஆணியும் கீலும் வைத்து விற்ற தகப்பனுக்குப் பிறந்து, இருபத்தைந்து வயதில் கடை போட்டு, முறுக்குக் கம்பியும் சிமெண்டும் கொண்டுவந்து இறக்கி, சுற்றுவட்டாரத்தில் எழும்பிய வீடுகளில் பாதியைத் தன் கம்பியில் நிறுத்தியவர். வியாபாரத்தில் எல்லோரும் அவரை மொதலாளி என்றுதான் கூப்பிட்டார்கள். ஆனால் அந்த மரியாதை கல்லாவுக்கு இந்தப் பக்கம் வரைக்கும்தான், படியிறங்கினால் மறைந்துபோகும் என்பது அவருக்குத் தெரியும். ஐம்பத்தேழு வயதில் நெஞ்சுவலி வந்து பிழைத்து எழுந்தபோது, படியிறங்கினாலும் கூடவே வருகிற மரியாதை ஒன்று வேண்டும் என்று தோன்றியது. பங்குச்சாமியார் அமிர்தநாதர் ஆஸ்பத்திரிக்கு வந்து, "கடையை நடத்துற மாதிரி கோயிலையும் ஒருத்தர் நடத்தணும்யா" என்று சொன்னதும், அதைக் கடவுளின் அழைப்பு என்று எடுத்துக்கொண்டார். மனிதனுக்கு வேண்டியதைக் கடவுள் சரியாக அதே வார்த்தையில் சொல்லும்போது, கொஞ்சம் சந்தேகப்படுவது நல்லது, அவர் சந்தேகப்படவில்லை. கடையைச் செபஸ்தியம்மாளிடம் விட்டார். அவள் அவரைவிடக் கெட்டிக்காரி, கம்பியைத் தட்டிப் பார்த்தே கலப்படம் சொல்லிவிடுவாள்.

தேர் போகிற வழிக்கும் அவருக்கும் பழைய உறவு ஒன்று உண்டு. சந்தியாகப்பர் தெருவில் இருப்பவர்களும் அதே ஞானஸ்நானத் தொட்டியில் நனைந்தவர்கள்தான். தண்ணீர் காய்ந்ததும் தேரோடும் தெருக்காரர்களுக்கு இவர்களுடைய சாதி ஞாபகம் வந்துவிடும். முப்பத்தொரு வருஷத்துக்கு முன்னால், தேர் எங்கள் தெருவுக்கும் வரவேண்டும், வடத்தில் எங்கள் கையும் படவேண்டும் என்று அந்தத் தெரு சனம் பால் சொசைட்டி முக்கில் உட்கார்ந்தது. தடியடி நடந்தது. பிறகு சமாதானக் கூட்டம் என்று ஒன்று நடந்தது. சமாதானம் என்றால் அடி வாங்கினவன் அமைதியாக இருப்பது என்று அர்த்தம். தேர் முக்கிலேயே இடது பக்கம் திரும்பிவிடும் என்று ஒரு காகிதம் எழுதப்பட்டது. ஏழு பேர் கையெழுத்துப் போட்டார்கள். நாலாவது கையெழுத்து இளம் வியாபாரி சிங்கராயருடையது. தேரோடும் தெருக்காரர்கள் அந்த வருஷம் வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள், கம்பி அவரிடம் வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

ஆக, ஊர் அவருக்குத் தக்கபடி தன்னை மாற்றி அமைத்துக்கொண்டது. கோயில் அலுவலகத்துக்குப் பின்னால் இருந்த பழைய மெழுகுதிரி அறையைக் காலிசெய்து கட்டில் போட்டுக் கொடுத்தார்கள். சவரக்காரர் அங்கே வந்தார், டாக்டர் அங்கே வந்தார், வாக்குச்சாவடியை நடுத்தெருப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றிக் கேட்டு வாங்கினார்கள். திருமுழுக்குச் சான்றிதழ் வேண்டுமா, கோயிலில் கல்யாண ஓலை வாசிக்கப் பேர் கொடுக்க வேண்டுமா, செத்தவருக்குப் பூசைக் கருத்து எழுத வேண்டுமா, எந்த நேரம் போய்க் கதவைத் தட்டினாலும் நிர்வாகி இருந்தார், ஏனென்றால் அவருக்குப் போக வேறு இடம் இல்லை. கோயிலும் ஒழுங்குக்கு வந்தது. ஒழுகிய கூரை அடைபட்டது, பாடகர் குழு நேரத்துக்கு வந்தது, மணி பிந்தாமல் அடித்தது. ஆயர் இருக்கும் மேற்றிராசனத்திலிருந்து நிலைத்த ஊழியத்துக்கு முன்மாதிரி என்று பாராட்டிக் கடிதம் வந்தது. அதைச் சட்டம் போட்டு மாட்டினார்கள். பக்கத்துப் பங்குகளிலிருந்து வேன் பிடித்து வந்தவர்கள், அவரை முக்கு வரை நடக்கவைத்து, தெற்கே காலைத் தூக்கச் சொல்லி, கால் அதே இடத்தில் இறங்குவதைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டார்கள். வெயிலில் நிற்கிறார்களே என்று பேரவை அங்கே ஒரு சிமெண்டு பெஞ்சு கட்டியது. தேரோடும் தெருக்காரர்களின் சந்தோஷத்துக்கு அளவில்லை. "தேர் எங்க திரும்பணும்னு நாம எழுதினது தப்புன்னு எத்தனை பேரு பேசினான்? பாத்தியா, ராயப்பரே கோடு போட்டுக் காட்டிட்டாரு" என்று அந்திரையாஸ் வேன்காரர்களுக்கு விளக்கினார்.

சந்தியாகப்பர் தெருவில் வேறு மாதிரி பேசிக்கொண்டார்கள். அந்தத் தெருவின் இன்னாசியம்மாள், சித்தாள் வேலைக்குப் போகிறவள், கட்டடத் தொழிலாளர் சங்கத்தில் தலைவி, இளவயதில் சிங்கராயர் கடையிலிருந்து சிமெண்டு மூட்டை சுமந்தவள், தடியடியில் இடது மணிக்கட்டு உடைந்து கோணலாகக் கூடியவள். அவள் வேலைக்குப் போகும்போது முக்கில் நின்று, "கோடு போட்டவுகளுக்கு அது ரெண்டு பக்கமும் வெட்டும்னு தெரியாமப் போச்சு பாருங்க மொதலாளி" என்பாள். சிங்கராயருக்குக் காது சிவக்கும். "வேலையைப் பாத்துட்டுப் போ இன்னாசி" என்பார். அவள் போய்விடுவாள். அவளால் போக முடியும், அதுதான் அவருக்கு அதிகமாகச் சுட்டது.

எட்டாம் மாதமே ராஜினாமா எழுதிச் சாவிக்கொத்தோடு சாமியாரிடம் கொடுத்துவிட்டு, செபஸ்தியம்மாள் பார்த்துக்கொண்டிருக்க முக்கில் காலைத் தூக்கினார். கால் இறங்கியது. மறுநாள் சாமியார் சாவியைத் திருப்பிக் கொடுத்தார். "போகவும் முடியாது, சும்மா இருக்கவும் முடியாதுன்னா, வேலையாவது செய்யுங்களேன்" என்றார். அது நியாயமாகத்தான் பட்டது.

செபஸ்தியம்மாள் தினமும் மத்தியானம் தூக்குவாளியோடு வந்தாள். பெஞ்சில் இருவரும் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அவள் கடைக்கதை சொல்வாள், அவர் கோயில்கதை சொல்வார். "என்னமோ கல்யாணம் பேச வந்த மாதிரி ரோட்டுல உக்காந்து சாப்புட வச்சிட்டீகளே" என்று சிரிப்பாள். எழுந்து போகும்போது திரும்பிப் பார்க்க மாட்டாள். அவர் மட்டும் அவள் முதுகு பால் சொசைட்டிக் கட்டடத்தின் சுவருக்குப் பின்னால் மறையும்வரை பார்ப்பார். இரண்டு வருஷம் இப்படியே ஓடியது. மூன்றாம் வருஷம் மாசி மாதத்தில் ஒருநாள் தூக்குவாளி வரவில்லை. ஜெயசீலன் மட்டும் வந்து, ஆட்டோவை நிறுத்தாமலே, "அண்ணே, அக்கா விழுந்துட்டாங்க" என்றான்.

பக்கவாதம். வலது பக்கம் முழுக்கப் போய், பேச்சும் போய்விட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து நேராக மாடிக்குக் கொண்டுபோய்ப் படுக்க வைத்தார்கள்; இனி படியிறக்கக் கூடாது, அசைத்தால் உயிருக்கு ஆபத்து என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து சிங்கராயருக்கு உலகத்தில் வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: அந்த முந்நூறு எட்டு. கட்டிலோரம் போய் நிற்க வேண்டும், அவள் கையைப் பிடிக்க வேண்டும். அதற்கு ஒரே வழி, தேர் அந்த வழியாகப் போகவேண்டும்.

ஆனி மாதத் திருவிழாவுக்கு ஒரு மாதம் இருக்கும்போது, பேரவைக் கூட்டத்தில் எழுந்து நின்று, இந்த வருஷம் தேர் முக்கில் திரும்பாமல் சந்தியாகப்பர் தெரு வழியாகப் பஸ் ஸ்டாண்டு ரோடு வரை போய்த் திரும்ப வேண்டும் என்றார். முப்பத்தொரு வருஷமாக அந்தத் தெரு கேட்டு, அடிபட்டு, மனுப்போட்டு, மறுபடி கேட்ட அதே வாசகம், கையெழுத்துப் போட்டவர் வாயிலிருந்தே வந்தது. யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. தேர்க் கொட்டகைச் சாவியைக் காட்டி, இதற்குச் சம்மதம் இல்லையென்றால் கொட்டகை திறக்காது என்றார். மூன்று கூட்டம் நடந்தது. மூன்றாவதில் அந்திரையாஸ் தொண்டையைச் செருமினார்.

"சரிடா சிங்கராயா. பொண்டாட்டி கெடையில கெடக்கா, நாங்களும் மனுசங்கதான். தேர் போகட்டும். ஆனா வடம் நம்ம கையிலதான் இருக்கும். அவங்க வாசல்ல நின்னு கும்பிட்டுக்கலாம். வடம் தொடுறது, மாலை சாத்துறது, எதுவும் கெடையாது. எழுதித் தர்றியா?"

சாமியார் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிங்கராயர் எழுதிக் கொடுத்தார். முதல் கையெழுத்தை வியாபாரத்துக்காகப் போட்டார், இரண்டாவதை மனைவிக்காகப் போட்டார். கையெழுத்துப் போடுகிறவனிடம் எப்போதும் ஒரு நல்ல காரணம் இருக்கும்.

திருவிழா அன்று சாயங்காலம் நாலரை மணிக்குத் தேர் புறப்பட்டது. இருபதடி உயரத் தேர், உச்சியில் சாவி ஏந்திய ராயப்பர், இருநூறு ஆண்கள் வடத்தில், முன்னால் பேண்டு வாத்தியம், பின்னால் செபமாலை சொல்லும் பெண்கள். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு சிங்கராயர் வடத்துக்கு முன்னால் நடந்தார். முந்தின நாளே சவரம் செய்திருந்தார். மடியில் செபஸ்தியம்மாளுக்குப் பிடித்த மல்லிகைச் சரம் வாழையிலையில் சுற்றி இருந்தது. வடக்குத் தெரு முடிந்தது. மேற்குத் தெரு முடிந்தது. பால் சொசைட்டி முக்கில் தேர், அதன் வாழ்நாளில் முதல் தடவையாக, தெற்கே முகம் திருப்பியது.

சந்தியாகப்பர் தெரு சனம் முழுக்க ரோட்டில் உட்கார்ந்திருந்தது. ஆண்கள், பெண்கள், கைப்பிள்ளைகள். முன் வரிசையில் நடுவே இன்னாசியம்மாள், கோணல் மணிக்கட்டை மடியில் வைத்துக்கொண்டு.

இன்ஸ்பெக்டர் ஓடிவந்தார். அவருக்கு எதுவுமே புரியவில்லை. "எந்திரிங்கம்மா. தேர் வேணும்னு முப்பது வருசமா நீங்கதான கேட்டீங்க? இந்தா வந்திருச்சுல்ல?"

"நாங்க தேரையா கேட்டோம்? வடத்தைக் கேட்டோம்யா" என்றாள் இன்னாசியம்மாள். "வேடிக்கை பாக்க எங்களுக்கு டிவி இருக்கு."

உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். சிங்கராயர் முக்கின் விளிம்புவரை வந்து குனிந்தார். "இன்னாசி, செபஸ்தி கெடக்குற கெடை உனக்குத் தெரியும்ல?"

"தெரியாமலா? நேத்து அக்காவுக்குத் தலை சீவி விட்டதே நான்தான். ஆளைத் திருப்பிப் படுக்கப் போடுறது எங்க தெருப் பொம்பளைகதான். உங்க தேரோடும் தெருவுல இருந்து ஒருத்தி எட்டிப் பாத்தாளான்னு கேளுங்க."

"அப்ப வழி விடு. ஒரு தடவை. ஒரே தடவை."

"உங்களை வேணாம்னு யார் சொன்னா? நீங்க வாங்க மொதலாளி, கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போறேன். தேர் வேணாம்."

"தேர் வராம என்னால வர முடியாதே."

"அதுக்கு நாங்க என்ன செய்ய? அந்தக் காகிதத்தை நாங்களா எழுதினோம்? இப்ப எழுதின காகிதமும் எங்களுக்குத் தெரியும். அதுலயும் உங்க கையெழுத்துத்தான்."

அதற்குள் அந்திரையாஸ் விசில் ஊதிவிட்டார். இருநூறு பேரும் வடத்தைக் கிழக்கும் மேற்குமாக விரித்துப் பிடித்து இழுத்தார்கள். முக்கிலிருந்து தெற்கே நல்ல இறக்கம்; இழுக்காமலே உருளக்கூடிய இறக்கம். சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றியதும் வடம் தொய்ந்தது, இழுத்தவர்கள் வடத்தைப் போட்டுவிட்டு இரண்டு பக்கமும் சிதறினார்கள், தேர் தன் பாரத்திலேயே இறங்கத் தொடங்கியது. முட்டுக்கட்டை போடுகிற இருவரும் அந்திரையாஸின் முகத்தைப் பார்த்தார்கள். அவர் கையை உயர்த்தவில்லை. பயந்தால் எழுந்து ஓடுவார்கள் என்று நினைத்திருப்பார். யாரும் எழுந்திருக்கவில்லை.

தேரோடு சேர்ந்து சிங்கராயரின் காலும் இறங்கியது. இரண்டு வருஷத்துக்கும் மேல் கழித்து அவருடைய பாதத்தில் சந்தியாகப்பர் தெருவின் மண் பட்டது. ஒரு எட்டு, இரண்டு எட்டு. தேர் போனால் போதும், இன்னும் ஐந்து நிமிஷத்தில் மாடிப்படியில் இருப்பார். பால் சொசைட்டிச் சுவரைத் தாண்டியதும், தெருக்கோடியில் அவருடைய வீட்டின் வடக்குச் சன்னல் தெரிந்தது, திறந்திருந்தது. சன்னலுக்குக் கீழே, தெருவில், வரிசை வரிசையாகத் தலைகள் தெரிந்தன. ஒரு தலைகூட அசையவில்லை.

முட்டுக்கட்டையை அவர் யார் கையிலிருந்து பிடுங்கினார், அந்த நெஞ்சோடு அதை எப்படித் தூக்கினார் என்று பிற்பாடு பலபேர் பலவிதமாகச் சொன்னார்கள். குப்புற விழுந்து இரண்டு கையாலும் முன்சக்கரத்துக்கு அடியில் திணித்தார் என்பது மட்டும் எல்லோரும் பார்த்தது. தேர் முனகியது. மேலிருந்து பூவாகக் கொட்டியது. இன்னாசியம்மாளின் முழங்காலுக்கு ஒரு கை தூரத்தில், தேர் முகப்பில் வடம் கோத்த வளையம் ஆடி ஆடி நின்றது.

தேரைப் பின்னால் இழுக்கக் கூடாது என்பது ராயப்பன்குளத்து வழக்கம். இழுத்தால் ஊருக்கு ஆகாது. முன்னால் விட அந்தத் தெரு சம்மதிக்கவில்லை. நாற்பது நாள் முறைவைத்து உட்கார்ந்திருந்தார்கள். அதற்குப் பிறகு உட்காரவும் தேவையில்லாமல் போனது. தேர் அங்கேயே நின்றது. தார்ப்பாய் போட்டு மூடினார்கள், பால் சொசைட்டி நேரப் பலகையை அதில் மாட்டினார்கள், யாரோ ஒரு கொடிக்கயிறு கட்டித் துணி காயப்போட்டார்கள். டவுன் பஸ் வேறு வழியாகப் போகப் பழகிக்கொண்டது.

பேரவை சிங்கராயரிடமிருந்து சாவியையும் மெழுகுதிரி அறையையும் திரும்ப வாங்கிக்கொண்டது. புது நிர்வாகி ஒரு அரிசி மில்காரர். பதவியேற்ற அன்றே யாருக்கும் தெரியாமல் முக்குக்கு வந்து, தெற்கே காலை நீட்டிப் பார்த்தார். கால் தாராளமாகப் போனது. உடனே உள்ளே இழுத்துக்கொண்டு, நிம்மதியாகத் திரும்பிப் போனார். அவருக்குப் போகவேண்டிய வேலை எதுவும் அந்தத் தெருவில் இல்லை.

சிங்கராயர் தேருக்கு அடியில் கட்டிலைப் போட்டுக்கொண்டார். தேர் எதுவரை போனதோ அதுவரை அவரால் போக முடிந்தது. முக்கிலிருந்து தெற்கே எட்டடி. முக்கில் நின்றால் சுவர் மறைக்கும். எட்டாவது அடியில், சக்கரத்தை ஒட்டி நின்றால், வீட்டுச் சன்னல் தெரியும். விடிந்ததிலிருந்து விளக்கு வைக்கும்வரை அங்கேதான் நின்றார். இந்தப் பக்கம் ஒரு எட்டுத் தள்ளி நின்றாலும் சன்னல் போய்விடும்.

"அந்த எட்டடி எங்க தெரு. ஞாபகம் இருக்கட்டும்" என்று இன்னாசியம்மாள் முதல் நாளே சொல்லிவிட்டாள். போகச் சொல்லவில்லை.

வேலைக்குப் போகும் முன் மாடிக்குப் போய்ச் செபஸ்தியம்மாளுக்கு ஊட்டிவிட்டு வருவது அவள்தான். தினமும் காலையில் அவள் வருகிற நேரம் பார்த்துச் சிங்கராயர் தயாராக நிற்பார்.

"ராத்திரி தூங்கினாளா?"

"தூங்கினாக. இன்னிக்கு ரெண்டு இட்லி உள்ள போச்சு."

"என்னைக் கேட்டாளா?"

"பேச்சுத்தான் இல்லையே. இடது கையால சன்னலைக் காட்டினாக. தொறந்து வச்சிட்டு வந்திருக்கேன்."

அவர் திரும்பிச் சன்னலைப் பார்த்தார். தூரத்தில் ஒரு கறுப்புச் சதுரம், அவ்வளவுதான் தெரிந்தது. அதைப் பார்த்துக் கையை உயர்த்தினார், பார்க்கிறாளா என்று தெரியாமலே கொஞ்ச நேரம் உயர்த்தியபடி வைத்திருந்தார்.

"இன்னும் எத்தனை நாளைக்கு இப்படியே நிக்கணும் இன்னாசியம்மா? நீங்களாவது சொல்லுங்க" என்றார்.

மரியாதையைக் கவனித்ததாக அவள் காட்டிக்கொள்ளவில்லை. சாந்துச்சட்டியை இடுப்பு மாற்றினாள்.

"எங்களைக் கேட்டா? இந்த முக்குல நாங்க நின்னது முப்பத்தொரு வருசம். உங்களுக்கு இன்னும் மூணுகூட முழுசா முடியல. நில்லுங்க மொதலாளி, பழகிரும்" என்றாள்.

சைட்டுக்கு நேரமாகிவிட்டது. தேருக்கும் சுவருக்கும் நடுவே ஒரு ஆள் போகும் சந்துதான் இருந்தது. அவர் அதில் நின்றுகொண்டிருந்தார். அவள் சட்டியோடு நின்று அவரைப் பார்த்தாள். சிங்கராயர் சன்னலை விட்டு ஒரு எட்டுப் பின்னால் நகர்ந்து, அவளுக்கு வழி விட்டார்.